யானை, பூனை, வண்டு: மூன்று மோட்டாரும் ஒரு மேடும்

மின்சார சைக்கிள் விற்கிறவளிடம் உலகம் மூன்றே கேள்விகள்தான் கேட்கும்: மேடு ஏறுமா, சத்தம் போடுமா, தூக்க முடியுமா? ஏறும், போடாது, முடியும் என்று மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லக்கூடிய மோட்டாரை இன்னும் எவனும் செய்யவில்லை. செய்திருந்தால் நான் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்து நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கனவு காண்பேன். கனவு காண்பதுதான் எனக்கு உண்மையிலேயே கைவந்த வேலை. நம்பிக்கை இல்லையென்றால் எங்கள் மெக்கானிக் கண்ணன் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பாட்டம் புலம்புவார்.

புடவைக் கடையிலோ, மருந்துக் கடையிலோ, வங்கிக் கவுன்டரிலோ, எங்கேயாவது மேசைக்கு இந்தப் பக்கம் நின்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவரா நீங்கள்? அப்படியானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

கடையில் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே மூன்று சைக்கிள்கள் வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் பெயர் உண்டு. பின்சக்கரத்துக்குள் பெரிய மோட்டார் உட்கார்ந்திருப்பது யானை. நல்ல பலம், அமைதியான குணம், ஆனால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மிதிகளுக்கு நடுவே மோட்டார் உள்ளது வண்டு. எடை பரவாயில்லை, எந்த மேட்டையும் அலட்சியமாக ஏறும், ஆனால் பாடிக்கொண்டேதான் ஏறும். மூன்றாவது பூனை. அதன் மோட்டார் தேங்காய் அளவுகூட வராது. பின்சக்கரத்துப் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எடையும் தெரியாது, சத்தமும் கேட்காது. மேடு வந்தால் மட்டும் தயங்கி நிற்கும், மிச்ச மேட்டை நம் கால்தான் ஏற வேண்டும்.

முதுகில் ஒரு கை

எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அந்த மேட்டில் மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு. கண்ணன் அண்ணன் மேட்டின் உச்சியில் ஒரு பழைய பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருகிற சத்தத்தைக் கேட்டே எந்த மோட்டாருக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். சைக்கிள் வந்து நின்றதும் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

கடை திறப்பதற்கு முன்னால் பூனையை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவது என் வழக்கம். சோதனை ஓட்டம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பூக்கடைகளில் அப்போதுதான் மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கேயோ ஒரு ரயில் மெதுவாக நகரும். லேசாக ஒரு மிதி மிதித்தால் போதும், யாரோ முதுகில் கை வைத்து, போ, போ என்று தள்ளுகிற மாதிரி இருக்கும். சின்ன வயதில் அப்பா சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, அவர் கையை எடுத்துவிட்டது தெரியாமல் நான் போய்க்கொண்டே இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் இந்தப் பூனையில் ஏறினால் திரும்பக் கிடைக்கிறது. அந்த மயக்கத்திலேயே ஒருநாள் கடையைத் தாண்டிக் கோயில் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து சிரித்துக்கொண்டு நின்றதும் கண்ணன் அண்ணன் சொன்னார்:

"மேகத்துல சுத்துனது போதும். இறங்கி வந்து, மோட்டார் சூடாச்சா இல்லையான்னு மட்டும் சொல்லு."

தூக்கிப் பார்த்தவர்

கம்போங் மேடானிலிருந்து பரமேஸ்வரி என்று ஒரு பெண் வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை. பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் சைக்கிள் வாங்க வந்தவர். நான் மேட்டைக் காட்டி, மூன்று மோட்டாரின் பலத்தையும் விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பூனையை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு, எங்கள் கடைக்குள் இருக்கும் மாடிப்படியில் ஏற ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் படிச்சுவருக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தோம். அவர் மேலே போய், திரும்பி, சுவரில் ஒரு கோடுகூட விழாமல் இறங்கி வந்தார். அடுத்து வண்டு. அதற்கடுத்து யானையைப் பாதிப்படி வரை கொண்டுபோய், மரியாதையாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். மேட்டுப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்களேன் என்று நான் கெஞ்சாத குறை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது:

"ஓட்டுறப்ப அது என்னைத் தூக்குது, சரி. எங்க புளோக்ல லிப்ட் கெட்டா நான்தானக்கா அதைத் தூக்கணும்?"

குடிக்க முடியாத போத்தல்

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் ஒரே கதைதான். துண்டு துண்டாகத்தான் என் கடைக்கு வந்து சேர்ந்தது, அப்படியே சொல்கிறேன்.

சாலாக் செலாத்தானிலிருந்து தனபாலன் அங்கிளும் அவர் மனைவி சரோஜா ஆன்டியும் வந்தார்கள். அங்கிள் லோரி கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இரண்டு கூட்டாளிகளோடு காஜாங் வரைக்கும் சைக்கிளில் போய்ப் பசியாறிவிட்டு வருவார். வழியில் ஒரு நீண்ட மேடு. அதன் உச்சிக்கு யார் முதலில் போவது என்று அவர்களுக்குள் போட்டி. எப்போதும் அங்கிள்தான் முதல். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. மெதுவாக ஓட்டலாம், ஆனால் மூச்சு வாங்கக்கூடாது, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவுக்குத்தான் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மோட்டார் வைத்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னாராம். அங்கிளும் மருந்து குடிப்பதுபோல ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை, கூட்டாளிகளுக்குத் தெரியக்கூடாது. மோட்டார் என்பது கிழவர்களுக்கு என்று அவரே பலமுறை அவர்களிடம் கிண்டலடித்திருக்கிறாராம்.

பூனையில் ஏறிப் போய்த் திரும்பியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு வெளிச்சம். பேட்டரியும் தண்ணீர்ப் போத்தல் வடிவத்திலேயே வருகிறது, சட்டத்தில் மாட்டிவிட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது என்றதும் அவர் முடிவு செய்துவிட்டார். ஆன்டி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வண்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். அதைத்தான் வாங்க வேண்டும் என்றார். எல்லோரும் சத்தமில்லாத மோட்டார் கேட்டு வருகிற கடையில், சத்தம் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அங்கிள் பிடிவாதம் ஜெயித்தது, அவருடைய பழைய சைக்கிளிலேயே பூனை மோட்டாரை மாட்டிக் கொடுத்தோம். சைக்கிளை அவர் வெளியே தள்ளிக்கொண்டு போனதும் ஆன்டி என்னிடம் சொன்னார்:

"வண்டு மாதிரி பாடிக்கிட்டு வந்தா, வாசல்ல நிக்கிறப்பவே அவர் வரது எனக்குக் கேட்கும்லா. இது சத்தமில்லாம வருமாம். வரலைன்னாலும் சத்தமே இருக்காதே, எஸ்தர்."

மானஸ்தர்

கொஞ்ச நாள் கழித்து, ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற சந்தியாகு அங்கிள் கடைக்குள் நுழைந்தார். நுழைந்ததும் கதவைச் சாத்தினார். எங்கள் கடைக் கதவை யாரும் சாத்தியதே இல்லை, அது கிறீச்சென்று கத்தியது. மெல்லிய குரலில், சத்தம் வராத, கண்ணுக்குத் தெரியாத மோட்டார் இருக்கிறதா என்று விசாரித்தார். அவருடைய கூட்டாளி ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முன்னைவிட வேகமாகப் பறக்கிறாராம். காஜாங் மேட்டில் அவர் முதுகு பனிக்குள் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவது, கிளம்பிப்போகிற ரயிலைப் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெக்கானிக் பக்கம் திரும்பினேன். அவர் ஒரு ஸ்பேனரை இல்லாத அழுக்குப் போகத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டாளிக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறதே, அவர் மெதுவாகப் போவதுதானே நல்லது என்று நான் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அங்கிள் காதில் ஏறவில்லை. போத்தல் பேட்டரியைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"தனா காதுக்குப் போயிடக் கூடாதும்மா. அவன் நெஞ்சுல தையலோட ஓட்டுறான், நான் மோட்டார் வெச்சு ஓட்டுறேன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும்."

கிள்ளானிலிருந்து ஒரு வேன்

மூன்றாவது ஆளும் வந்தார். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சிங்காரம் அங்கிள். சைக்கிளை வேனில் ஏற்றி, மேலே வாழையிலைக் கட்டைப் போட்டு மறைத்துக் கொண்டுவந்திருந்தார். ரகசியம் காப்பேன் என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார். சைக்கிளுக்கெல்லாம் சத்தியம் கேட்டால் எங்கள் பாஸ்டர் திட்டுவார், வாய்வார்த்தையை நம்புங்கள் என்று சமாளித்தேன். கண்ணன் அண்ணன் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அங்கிளின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"அவனுங்க ரெண்டு பேரும் வயசாக ஆக இளைஞனாயிட்டே வரானுங்க. எனக்கு மட்டும்தான் வயசாகுதும்மா."

தாகம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கண்ணன் அண்ணனும் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். மூன்று பேரும் சேர்ந்தே வந்து நின்றார்கள். காஜாங் போய்த் திரும்பியவர்களுக்கு இன்னும் தெம்பு மிச்சமிருந்ததாம், பிரிக்பீல்ட்ஸ் வரை மிதித்துவிட்டார்களாம். டயருக்குக் காற்று அடிக்க வேண்டும் என்றார்கள். மூன்று பேரும் என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் நடித்தார்கள், பாருங்கள், அதை ஒரு நாடகமாகவே போடலாம். மூன்று சைக்கிளிலும் மூன்று போத்தல். வெயிலோ கொளுத்துகிறது. மூன்று பேருக்கும் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. ஒருத்தரும் தன் போத்தலைத் தொடவில்லை, அடுத்தவர் போத்தலைக் கேட்கவும் இல்லை. நான் ஒரு ஜக் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

சந்தியாகு அங்கிளும் சிங்காரம் அங்கிளும் அன்றைய வேகத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்கள். தனபாலன் அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்தார், ஆனால் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. உதடு வெளுத்திருந்தது. ஒருவர் வேகத்தைக் கூட்டினால் இன்னொருவர் கூட்டுகிறார். சமதரையில் பூனை தாங்கும். மேட்டில் பூனை தயங்கியதும் மிச்ச வேகத்தை அவர்கள் கால் கொடுக்கிறது. மற்ற இரண்டு பேருக்கு அது கால்வலியோடு போகும். இவருக்கு அப்படி இல்லை. உட்காருங்கள் அங்கிள், டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று அவர் காதோடு கேட்டேன். கண்ணாலேயே என் வாயை அடைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மூன்று முதுகுகளும் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த கண்ணன் அண்ணன் சொன்னார்:

"மூணு பூனையும் ஒண்ணை ஒண்ணு துரத்துது. அதுல ஒரு பூனைக்கு நெஞ்சுல தையல் இருக்கு."

சத்தம் இரவல்

அடுத்த நாளே சரோஜா ஆன்டி தனியாக வந்தார். ஞாயிறு ஓட்டிவிட்டு வந்து படுத்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை, கேட்டால் சும்மா களைப்பு என்கிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் கோபப்படுகிறார் என்றார். மோட்டார் இருந்தும் ஏன் இப்படி, கோளாறாக இருக்குமோ என்று கேட்டார். மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. கடைசியில், மோட்டாரில் கோளாறு இல்லை ஆன்டி, அவர்கள் ஓட்டத்தில்தான் கோளாறு, ஒரு ஞாயிறு நீங்களே பின்னால் வந்து உங்கள் கண்ணால் பாருங்கள், நானும் வருகிறேன் என்றேன். அதற்கு மேல் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

சரி என்று தலையாட்டினார் ஆன்டி. கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகச் சைக்கிள் ஓட்டியவராம். எழுந்து போய் மூன்றையும் ஒவ்வொன்றாக மேட்டில் ஓட்டினார். பலத்தைப் பற்றிக் கேட்கவில்லை, எடையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காதைச் சாய்த்துக் கேட்டார். கண்ணன் அண்ணன் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் வண்டின் பழைய மோட்டாரை எடுத்து வந்து மாட்டினார். பல்சக்கரம் தேய்ந்துபோய் ஊளையிடுகிறது என்று ஓரங்கட்டிய மோட்டார் அது. ஓட்டுவதற்கு ஆபத்தில்லை, கேட்பதற்குத்தான் ஆபத்து. ஆன்டி அதை ஓட்டிப் போனபோது பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். இறங்கி வந்தவரிடம், ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"இதுக்கு மேல கத்துறது வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

பனிக்குள் ஒரு பாட்டு

அந்த ஞாயிறு நான் தேவாலயம் போகவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஆன்டியும் கோயிலுக்குப் போகவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் நல்ல பனி. மூன்று பேரும் முன்னால் போக, கண்ணுக்குத் தெரிகிற தூரம் விட்டு ஆன்டி வண்டிலும் நான் யானையிலும் பின்தொடர்ந்தோம். தெருவிளக்குகள் பாலில் விழுந்த மாதிரி மங்கலாக நின்றன. பிளாட்டுகள் எல்லாம் அடித்தளம் இல்லாமல் மேகத்தில் மிதந்தன. ரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. யானை என்னைச் சுமந்துகொண்டு போனது. இந்தப் பனி முடியவே கூடாது, காஜாங் வரவே கூடாது, இப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஏக்கமாகவே வந்துவிட்டது.

அந்த அமைதிக்குள்தான் வண்டு பாட ஆரம்பித்தது. வெறும் ரோட்டில் கேட்டால் ஊளை. பனிக்குள் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒரு ரீங்காரமாகப் பரவியது. முன்னால் போன மூன்று தலையும் ஒரே நேரத்தில் விறைத்தன. ஒரு தலையும் திரும்பவில்லை. சந்தியாகு அங்கிளின் இடது கட்டைவிரல் கைப்பிடிக்குக் கீழே மெல்ல நகர்ந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தப் பொத்தானை வைத்ததே நாங்கள்தான். அவர் மோட்டாரை அணைத்துவிட்டார். மோட்டார் நின்றால் முழுப் பாரமும் காலுக்கு வரும், மிதிக்க மிதிக்கத் தோள் ஆடும். அவர் தோள் ஆடத் தொடங்கியது. சத்தம் நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் சிங்காரம் அங்கிளின் கட்டைவிரல் போனது, அவர் தோளும் ஆடியது. தன் மோட்டார்தான் காட்டிக்கொடுக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் சத்தம் காதில் விழுந்ததாக ஆகிவிடும் அல்லவா? இதெல்லாம் பிறகு பசியாறும்போது அவர்களே சொன்னது. அந்த நேரத்தில் ஒன்றும் புரியாத ஆன்டி, எனக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்:

"இவ்வளவு கத்துது, ஏன் ஒருத்தரும் திரும்ப மாட்டேங்கிறாங்க?"

மேடு

வேகம் குறைந்துகொண்டே வந்தது. நான் உள்ளுக்குள் குதித்தேன். இந்த வேகத்தில் தனபாலன் அங்கிள் ஒரு பஜனையே பாடிக்கொண்டு போகலாம். அப்போதுதான் மேடு ஆரம்பித்தது, அப்போதுதான் அவருடைய கட்டைவிரலும் நகர்ந்தது. சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோனது. அணைக்கக்கூடாத ஒரே ஆள், அணைக்கக்கூடாத ஒரே இடத்தில் அணைத்துவிட்டார். தோள் ஆடியது. பிறகு தலை ஆடியது. ஆன்டி, மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆன்டி போய்விட்டார். வண்டு மேட்டில் என்ன செய்யும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறேனே, அதன் முழுப் பலத்தை அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். ஊளையிட்டுக்கொண்டு அந்த மேட்டை அப்படியே விழுங்கியது.

அவர்கள் மூன்று பேருக்குள் ஒரு பழக்கம் உண்டு. மேட்டில் ஒருத்தர் துவண்டால் இன்னொருத்தர் பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவார். தள்ளப்படுகிறவர் திரும்பிப் பார்க்கவோ, பிறகு அதைப் பற்றிப் பேசவோ கூடாது. முதுகில் கை விழுந்ததும் அங்கிளும் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் வளையல் சத்தம் கேட்டிருக்கிறது. ஆன்டி கத்தவில்லை. "அதை ஆன் பண்ணுங்க. நீங்க ஜெயிச்சது எனக்குப் போதும். வீட்டுக்கு வாங்க," என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது.

அங்கிள் பொத்தானை அழுத்தினார். கூட்டாளிகள் பக்கம் பார்க்காமலே, எனக்கு மோட்டார் இருக்குடா என்றார். கொஞ்ச நேரம் வண்டு மட்டும்தான் பேசியது. எனக்கும்தான் என்றார் சந்தியாகு அங்கிள், பாவமன்னிப்புக் கேட்கிற குரலில். சிங்காரம் அங்கிள் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். ஒரு காலை ஊன்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் போத்தலைத் தட்டிக் காட்டிவிட்டுக் கேட்டார்:

"அப்ப இத்தனை நாளா நான் யாரைத்தான்டா துரத்திக்கிட்டு இருந்தேன்?"

தேய்ந்த பல்

மறுவாரம் தனபாலன் அங்கிள் கடைக்கு வந்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. ஆன்டியோடு போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம், மெதுவாக ஓட்ட மட்டும் அனுமதியாம். பூனையைக் கழற்றிவிட்டு அந்த வண்டை மாட்டச் சொன்னார். எந்த வண்டை என்று கண்ணன் அண்ணன் சந்தேகத்தோடு கேட்டார். ஊளை வண்டுதான். கண்ணன் அண்ணனுக்குத் தாங்கவில்லை. மாட்டுகிறேன், ஆனால் புதுப் பல்சக்கரம் போட்டுத்தான் மாட்டுவேன், தேய்ந்த பல்லோடு ஒரு வண்டி என் கையால் வெளியே போனால் ஊர் சிரிக்கும் என்றார். அங்கிள் அசையவில்லை. புதுப் பல்லைப் பொட்டலமாகக் கொடுங்கள், பழசு விழுந்தால் மாட்டிக்கொள்கிறேன் என்றார். கடைசியில் கண்ணன் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, தேய்ந்த பல்லையே மாட்டிக் கொடுத்தார்.

இப்போது மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே காஜாங் போகிறார்கள். குடிப்பதற்கு வேறு போத்தல் எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் காற்று அடிக்க வந்த தனபாலன் அங்கிளிடம், அந்தச் சத்தம் தலைவலியாக இல்லையா, இப்போதாவது பல்லை மாற்றலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சைக்கிளின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். காலை வெயில் மேட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்:

"வேணாம்மா. நான் முனையில திரும்புறப்பவே வீட்டுக் கதவு திறக்குது."

மேடு ஏறப் பலத்தைப் பாருங்கள், மாடி ஏற எடையைப் பாருங்கள், வீடு போய்ச் சேரச் சத்தத்தைப் பாருங்கள் என்று இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சைக்கிள் என்ன கலரில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள்.